இன்னைக்கோட எழுபத்தோரு நாள்

உட்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. தொப்பியைக் குடுங்க, மேல வெச்சிடறேன். கீழே வெச்சா பாப்பா எடுத்துப் போட்டுக்குவா.

அவர் வீட்ல இல்லைங்களே. ஞாயித்துக்கிழமை சந்தை. மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கணும்னு வண்டி எடுத்துட்டுப் போனார். வர்றதுக்கு மத்தியானம் ஆகும். சந்தை நாள்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாளைக்கு வந்தீங்கன்னா அவரும் இருப்பார், எல்லாத்துக்கும் அவரே பதில் சொல்லிடுவார். எனக்குப் பேச வராதுங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க. வெளியாளுங்க வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

தெரிஞ்சுதான் வந்தீங்களா?

சரிங்க.

அப்போ நானே சொல்லிடறேன், எழுதிக்கோங்க. சண்டை சச்சரவு இல்லைங்க. குடிச்சுட்டு வந்து தகராறு பண்றது இல்லைங்க. துப்பாக்கி வெச்சுக்கறதுல குடும்பத்தாருக்கு ஆட்சேபனை இல்லைங்க.

எதுக்குங்க சிரிக்கறீங்க? நீங்க இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலையா. மன்னிச்சுக்கோங்க. மூணு பதில்னு மனசுல இருந்ததா, அப்படியே வந்துடுச்சு. அவர்தான் சொல்லிக்குடுத்தார். புதன்கிழமையில இருந்து காலையில ஒரு தரம், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தரம் ஒப்பிக்கச் சொல்லுவார். ஒரு வார்த்தை மாறினா மறுபடி முதல்ல இருந்து. சோறு ஆறிப்போகும். பள்ளிக்கூடத்துலகூட நான் இப்படி ஒப்பிச்சதில்லை. நல்லதுக்குத்தான் மேடம். ஆபீசருங்க முன்னால நான் உளறி வெச்சிடக் கூடாது பாருங்க.

மோர் குடிங்க. உப்புப் போட்டிருக்கேன்.

இது ரெண்டாவது விசாரணைங்க. மொதல்ல நடந்தது அஞ்சு வருசம் முன்னாடி. துப்பாக்கி எங்க மாமனாரோடது. ஒத்தைக் குழல். இந்த ஆலாங்காட்டுப்புதூர்ல எங்க தோட்டம்தான் கடைசி, அந்தாண்டை காடு. காட்டுப்பன்னி இறங்கி வந்து சோளத்தைச் சாய்ச்சுப் போட்டுடும். அதை வெரட்டறதுக்குன்னு மாமனார் காலத்துல வாங்கின லைசென்சு. அவர் செத்து காரியம் முடிஞ்ச மறுநாளே ஸ்டேஷன்ல இருந்து வந்து துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆள் போனா லைசென்சும் போச்சாம். மகனுக்கு வேணும்னா புதுசா மனு போடணும், மனு போட்டவர் எப்படிப்பட்ட ஆள்னு விசாரிச்சுத்தான் தருவாங்களாம்.

எத்தனை விசாரணை மேடம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ எங்கண்ணன் இந்த ஊர் டீக்கடையில ஒரு டீ குடிச்சார், பையன் எப்படின்னு கேட்டார், நல்ல பையன்னு சொன்னாங்க, முடிஞ்சது. துப்பாக்கிக்குப் பத்து மாசம் விசாரிச்சாங்க.

மொதல்ல வி.ஏ.ஓ. வந்து நிலத்தைப் பார்த்துட்டுப் போனார். அப்புறம் காட்டிலாகாவுல இருந்து ரெண்டு பேர் வந்து பன்னி நெசமாவே வருதான்னு கால் தடம் தேடினாங்க. மாமியார்கிட்டயும் நாத்தனார்கிட்டயும் எங்களுக்கு வேண்டாம், அவனே வெச்சுக்கட்டும்னு எழுதி வாங்கினாங்க. அப்புறம் டவுன்ல ஒரு இடத்துக்குப் போயி எப்படிப் பிடிக்கணும், எப்படிச் சுடணும்னு படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தார். கடைசியா மனசு சரியா இருக்குன்னு ஒரு டாக்டர் எழுதித் தரணும். அதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனார்.

டாக்டர் இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டார். இவர் சொன்னார். நூறுல ஏழு போனா எத்தனைன்னு கேட்டார். இவர் தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னார். டாக்டர் தலையைத் தூக்கவே இல்லை, எழுதி சீல் வெச்சுக் குடுத்துட்டார். வெளியே வந்து பஸ்சுக்கு நின்னோம். இவருக்கு ஒரே சந்தோசம். கேட்டியா, கணக்கெல்லாம் கேக்கறான், டக்குனு சொன்னேன் பார்த்தியான்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். தொண்ணூத்தி மூணுன்னு வாய்ல வந்துடுச்சு.

பஸ் ஸ்டாண்டுல அத்தனை சனம்.

சரி, அதை விடுங்க. அது என் வாய்க்கொழுப்பு. அவர் கையில இருந்த சர்ட்டிபிகேட்தான் கசங்கிப் போச்சு. வீடு வர்ற வரைக்கும் அதை மடியில வெச்சு நீவிக்கிட்டே வந்தேன். எழுத்துக் கூட்டிப் படிச்சும் பார்த்தேன். நல்ல மனநிலையில் உள்ளார்னு எழுதியிருந்தது.

பாப்பா, மேடம் விசிலை இழுக்காத. பரவாயில்லைங்களா? கழட்டியே குடுத்துட்டீங்களா, சரி. விசில்னு சொல்லு. கேட்டீங்களா, எவ்வளவு தெளிவாச் சொல்றா. பேர் ரித்திகா. நாலு முடிஞ்சது. அவளைப் பத்தி அப்புறம் சொல்றேன், அது ஒரு பெரிய கதை.

விசாரணையைச் சொல்லிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் சொல்லணும்னு மயிலாத்தாக்காகிட்ட கேட்டாங்க. எங்க சுவத்துக்கும் அவங்க சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் இடைவெளி. தும்மினா அந்தப் பக்கம் நூறுன்னு சொல்லுவாங்க. மயிலாத்தாக்கா, தங்கமான பையன், அந்த வீட்ல இருந்து சத்தமே வெளிய வராதுன்னு சொன்னாங்க. அது நெசம்தாங்க. நான் கத்தறதில்லை. அவங்க தோட்டத்துக்கும் எங்க கிணத்துத் தண்ணிதான் போகுது, அது வேற விசயம்.

அதுக்கப்புறம் உங்க ஸ்டேஷன்ல இருந்தே வந்தாங்க, இந்த ஆள் மேல எங்கேயாவது கேஸ் இருக்கான்னு பார்க்க. வந்தவர் யாருங்கறீங்க, எங்க ஏட்டய்யா. எங்க ஏட்டய்யான்னா, எனக்குத் தெரிஞ்சவர். அதுக்கு முந்தின வருசம், கல்யாணம் ஆன புதுசுல, எங்கண்ணன் என்னைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஏட்டய்யாதான் ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசினார். சின்னஞ்சிறுசுங்க, அனுசரிச்சுப் போங்கன்னு சொல்லி வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு டீ சொன்னார். பேசி முடிச்சதெல்லாம் கேஸ் ஆகாதாங்க மேடம். அதனால கேஸ் எதுவும் இல்லைன்னு அவரே எழுதினார். எழுதிட்டு, மோர் கொண்டுவந்த என்னைப் பார்த்து, நல்லா இருக்கியாம்மா, இப்போ பிரச்சனை ஒண்ணும் இல்லையேன்னு கேட்டார். நல்ல மனுசன், மறக்காமக் கேட்டார் பாருங்க. இவர் அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இவர்தான் சிரிச்சுக்கிட்டே, "அவ கூச்சப்படுவா ஏட்டய்யா, நீங்க எழுதுங்க"ன்னார். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்படித்தான் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. அந்த விட்டத்துல ஆணி தெரியுதுங்களா, அதுலதான் மாட்டுவார். பூட்டி வெக்கணும்னு சட்டமாம், அதுக்குன்னு இரும்புப் பெட்டி வாங்கினார். பெட்டியில வேட்டி சட்டை இருக்கு. பாப்பாவுக்குத் தொட்டில் கட்டினதும் அதே விட்டத்துலதான். ஆணிக்கு இந்தாண்டை தொட்டில்.

இதை மறக்காம எழுதிக்கோங்க மேடம். துப்பாக்கி வந்த நாள்ல இருந்து அவர் என் மேல கை வெக்கறதே இல்லை. எல்லாரும் துப்பாக்கி வந்தா கெட்டதுன்னு நெனைப்பாங்க. எங்க வீட்ல அப்படி இல்லை. கோவம் வந்தா எழுந்து போயி அதை எடுப்பார். கட்டில்ல உட்கார்ந்து மடியில வெச்சு, எண்ணெய் தொட்டு, பனியன் துணியில துடைப்பார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டார். குழலை இந்தப் பக்கம் திருப்பித் துடைப்பார், அந்தப் பக்கம் திருப்பித் துடைப்பார். நான் செய்யற வேலையை விட்டுட்டு அப்படியே நிப்பேன். அடுப்புல பால் பொங்கினாலும் நகர மாட்டேன். துடைச்சு முடிச்சு மாட்டிட்டாருன்னா அப்புறம் சாப்பாடு போடச் சொல்லுவார். என்னைப் பார்த்து ஒரு தடவைகூடக் குறி வெச்சதில்லைங்க. அது சத்தியம். அவர் துடைக்கறப்போ குழல் எந்தப் பக்கமாவது இருக்கத்தானே செய்யும்.

எதுக்கு மேடம் இவ்வளவு எழுதறீங்க? போன தடவை ஏட்டய்யா ரெண்டு வரிதான் எழுதினார்.

அந்தக் குடத்தையா பார்க்கறீங்க? ஆரஞ்சு கலர்ல, செவ்வந்தி வெச்சிருக்கேனே, அதுதானே. பூ நல்லா வந்திருக்கு இல்லைங்களா. போன ஐப்பசியில வெச்சது. அது தண்ணி பிடிக்கற குடம்தாங்க, ஓட்டையாயிடுச்சு. தூக்கிப் போட மனசு வரலை. செடிக்குத் தண்ணி வடியணும், ஓட்டை இருந்தா நல்லதுதானே.

எப்படி ஓட்டை ஆச்சுன்னா... இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நேர்க்கோடா இருக்கும், குனிஞ்சு பார்த்தா அந்தாண்டை வெளிச்சம் தெரியும். இப்போ மண்ணு அடைச்சிருக்கு. அன்னைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு ஒரு பஸ் தவறவிட்டு வந்தேன். வந்ததும் வராததுமா குழாயடியில தண்ணி பிடிச்சுட்டு நின்னேன். குடம் கீழே இருந்தது, நான் அஞ்சடி தள்ளி நின்னேன். இவர் வாசல்ல இருந்து சுட்டார். பன்னின்னு நெனைச்சேன்னார். பட்டப்பகல்தான், ஆனா எதிர்வெயில், கண் கூசும் இல்லைங்களா. அஞ்சு வருசத்துல அவர் குறி பார்த்துச் சுட்டது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வானத்தைப் பார்த்து. பன்னி ஒண்ணுகூட விழுந்ததில்லை, அவர் மனசு அப்படி.

பாப்பா என் இடுப்புல இருந்தா அன்னைக்கு. அவ அழக்கூட இல்லை. அவ அப்படித்தாங்க, அழவும் மாட்டா பேசவும் மாட்டா. ரெண்டு வயசுல அம்மான்னு சொன்னா, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. மூணு முடிஞ்சும் பேச்சு வரலைன்னு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். காதுல மிஷின் வெச்சுப் பார்த்தாங்க, நல்லாக் கேக்குதுன்னாங்க. வீட்ல சத்தமா யாராவது சண்டை போடுவீங்களான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. இல்லைங்க, எங்க வீடு ரொம்ப அமைதின்னேன். தானாப் பேசுவா போங்கன்னாங்க. என்னை மாதிரியே கூச்சம்னு நான் விட்டுட்டேன்.

அப்புறம்தான் எலெக்‌ஷன் வந்தது.

எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்கன்னா லைசென்சு துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும்ங்கறது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எம் பொருளை எதுக்குடா உங்ககிட்ட குடுக்கணும்னு திட்டிக்கிட்டே போனார். ரசீது வாங்கிட்டு வந்து அந்த ஆணியில ரசீதைக் குத்தி வெச்சார். இன்னைக்கோட எழுபத்தோரு நாள்.

நான் எண்ணலைங்க. காலண்டர் கிழிக்கறது என் வேலை. கிழிச்ச தாளைப் பாப்பா கிறுக்கறதுக்குன்னு நூல்ல கோத்து வெச்சிருக்கேன், அதுல தெரிஞ்சது. இந்தாங்க, பாருங்க. எல்லாத்துலயும் வட்டம் வட்டமா இருக்கும். கோழியாம்.

இந்த எழுபத்தோரு நாள்ல எங்க வீட்ல நடந்ததை நீங்க நம்ப மாட்டீங்க. பத்தொன்பதாவது நாள், நான் கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்கேன், பின்னால இருந்து கோழின்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா இவ. அன்னைக்குப் பூரா கோழி கோழின்னு சொல்லிட்டே இருந்தா. அப்புறம் அம்மா. அப்புறம் குடு, போ, வேண்டாம். வேண்டாம்ங்கறது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பால் வேண்டாம், சீப்பு வேண்டாம், தூக்கம் வேண்டாம். இப்போ உங்ககிட்டயே பாருங்க, உங்க பேர் என்னன்னு முழுசாக் கேக்கறா. சொல்லுங்க மேடம், சொன்னா சந்தோசப்படுவா.

எல்லாம் வசம்புதாங்க. கீழத்தெருவுல ஒரு அம்மா வசம்பைச் சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுத்தாங்க. எலெக்‌ஷன் சொன்ன வாரம்தான் வாங்கினேன். தினம் நாக்குல தடவினேன். அப்படியே வேலை செஞ்சுது. டாக்டர் மருந்தெல்லாம் எதுக்குங்க. ஆனா புதன்கிழமையோட தீர்ந்துபோச்சு. நாலு நாளாப் பேச்சு கொறைஞ்சிருக்கு, அவர் இருக்கறப்போ வாயே திறக்கறதில்லை. இன்னொரு தடவை வாங்கணும்.

புதன்கிழமை எதுக்குச் சொன்னேன்னா, அன்னைக்குத்தான் அவர் எண்ணெய்ச் சீசாவையும் பனியன் துணியையும் எடுத்து வெச்சார். ஓட்டு எண்ணி முடிச்சாச்சு, துப்பாக்கி திரும்ப வருதுன்னு. ஆணியில இருந்த ரசீதை எடுத்து சட்டைப்பையில வெச்சுக்கிட்டார். ஸ்டேஷனுக்குப் போனா, நடுவுல லைசென்சு காலாவதி ஆயிடுச்சு, புதுப்பிக்க மறுபடி விசாரணை, வீட்டுக்காரம்மாகிட்டயும் கேக்கணும்னு உங்க புது இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாராம். அவர் வீடு திரும்பினதுல இருந்துதான் எனக்குப் பாடம்.

இந்த எழுபத்தோரு நாளும் அவர் நல்லாத்தான் இருந்தார். ரெண்டு தடவை மட்டும் கை நீட்டினார். துடைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை பாருங்க, கை சும்மா இருக்குமா. அது தேவலைங்க மேடம். அடின்னா விழும், முடியும். வலிக்கற இடம் தெரியும், மஞ்சள் பூசலாம்.

மேடம், பேனாவை எதுக்கு மூடி வெக்கறீங்க? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா. அவரைப் பத்தி நல்லதாத்தானே சொல்லிட்டு வந்தேன்.

அந்த மூணு கேள்வியும் வேண்டாமா. ஒரே கேள்வியா.

துப்பாக்கி இந்த வீட்டுக்குத் திரும்ப வரணுமா வேண்டாமான்னா கேக்கறீங்க? என்கிட்டயா?

இருங்க, அந்த டம்ளரைக் கழுவிட்டு வந்துடறேன்.

மேடம், அந்தப் பத்து மாசத்துல அத்தனை பேர் வந்தாங்க. வி.ஏ.ஓ. கேட்டார், காட்டிலாகா கேட்டாங்க, டாக்டர் கேட்டார். எல்லாரும் அவர் எப்படி, நிலம் எப்படி, பன்னி எப்படின்னுதான் கேட்டாங்க. இப்படி யாரும் கேக்கலை. அதனால எனக்குப் பதில் தெரியலை. அவர் சொல்லிக்குடுத்ததுலயும் இது இல்லை.

அதுவுமில்லாம நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவ. அஞ்சு வருசம் முன்னாடி பிரச்சனை இல்லைன்னு எழுதிக்குடுத்துட்டு இப்போ உண்டுன்னு சொன்னா, அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆகும். போலீஸ்ல பொய் எழுதிக்குடுத்தா ஏழு வருசம் உள்ளே வெப்பாங்களாமே. அவர்தான் சொன்னார். நான் ஜெயிலுக்குப் போனா இவளை யார் பார்ப்பாங்க?

அப்படி இல்லையா?

பயந்து போட்ட கையெழுத்துக்கு யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களா. நெசமாவா. நீங்க என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லலையே.

அஞ்சு வருசமா நான் அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணன் வந்து கேக்கறப்பல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொன்னதே அதுக்குத்தான். அண்ணன் மட்டும் என்ன, கூட்டிட்டுப் போனா ஒரு வாரம் வெச்சிருந்து, அண்ணி முகம் மாறினதும் திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவார். மூணு தடவை விட்டிருக்கார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கும் ரெண்டு பொண்ணு.

சரிங்க, ஜெயில் இல்லை. ஆனா வேண்டாம்னு நான் சொன்னா நீங்க அதை எழுதுவீங்க. அந்தத் தாள் கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அங்க இருந்து அவருக்குத் தபால் வரும், மனைவி ஆட்சேபனை தெரிவித்ததால்னு. அவர் நடு வீட்ல உட்கார்ந்து அதைப் படிப்பார். தபால்காரர் அதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். நீங்க வேற ஊர்ல வேற விசாரணையில இருப்பீங்க. நானும் இவளும்தான் இங்க இருப்போம். துப்பாக்கி இருந்தா என்ன இல்லாட்டி என்ன, அருவா இருக்கு, கிணறு இருக்கு.

உங்க நம்பரா. குடுங்க. எங்க வெச்சுக்கறதுன்னுதான் தெரியலை. செல்லுல போட்டா பார்த்துடுவார். பாப்பா கிறுக்கின தாள்ல எழுதுங்க, பதினஞ்சாந்தேதி தாள், நடுவுல இருக்கட்டும். கோழிக்குள்ள எழுதிடுங்க.

இப்போ ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. அடுத்த எலெக்‌ஷன் எப்போங்க? பஞ்சாயத்து எலெக்‌ஷன் ஒண்ணு வரணும்னு பேசிக்கறாங்களே. எப்படியும் அப்போ மறுபடி கொண்டுபோய் ஒப்படைக்கணும்தானே. எடுத்துட்டு வந்து, மறுபடி கொண்டுபோயி, எதுக்கு ரெண்டு அலைச்சல். அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டுமே. உங்க ஸ்டேஷன்ல இடம் இருக்காதா. நான் ஆட்சேபனைன்னு சொல்லலைங்க. இருக்கட்டுமேன்னுதான் சொல்றேன்.

சட்டத்துல அப்படி வழி இல்லையா. ரிசல்ட் வந்தா குடுத்துடணுமா. காரணம் இருந்தா மட்டும்தான் நிறுத்தி வெக்க முடியுமா.

என்ன காரணம்னா?

மேடம், நீங்க அந்தக் குடத்தைப் பார்த்தீங்க இல்லைங்களா.

நான் காட்டலை. நீங்களாத்தான் பார்த்தீங்க. நான் பூவைப் பத்தித்தான் பேசினேன். விசாரிக்க வந்தவங்க எல்லாரும் இந்த நாற்காலியில உட்கார்ந்து மோர் குடிச்சுட்டு, எங்களைக் கேட்டுத்தான் எழுதினாங்க, வீட்டைச் சுத்திப் பார்த்து யாரும் எழுதலை. நீங்க சுத்திப் பார்த்தீங்க. வாசல்ல குடம் இருந்தது, அதுல ரெண்டு ஓட்டை நேர்க்கோட்ல இருந்ததுன்னு நீங்க எழுதினா அது உங்க கண்ணுல பட்டது, என் வாயில இருந்து வந்தது இல்லை. துப்பாக்கியைப் பூட்டி வெக்கற பெட்டியில வேட்டி இருக்குன்னு திறந்து பார்த்தவங்க எழுதலாம். பெட்டி இதோ இருக்கு, அதுக்குப் பூட்டு இல்லை. விட்டத்துல ஆணி இருக்கு, அண்ணாந்து பார்த்தா யாருக்கும் தெரியும். இதுல நான் எங்க வர்றேன்? நான் எதுவும் சொல்லலை. எனக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும்.

போட்டோ எடுக்கறீங்களா. எடுங்க. இருங்க, அந்தச் செடியை ஒதுக்கிப் பிடிக்கறேன். என் கை படத்துல விழாம எடுங்க மேடம். மண்ணைக் குச்சியால தள்ளினா ஓட்டை தெரியும். இந்தா. இந்தப் பக்கமும். அந்தாண்டை வெளிச்சம் தெரியுதுங்களா?

மண்ணை மறுபடி அடைச்சிடறேன். போனை உள்ளே வெச்சுக்கோங்க.

வண்டிச் சத்தம் கேக்குது. பாலத்துக்கிட்ட இருந்து வர்றப்பவே எனக்குத் தெரியும், அந்த சைலன்சர் சத்தம். அவர்தான். மத்தியானம்னு சொன்னார், சீக்கிரம் வந்துட்டார். உங்க ஸ்டேஷன் வண்டி ஊருக்குள்ள வந்ததை யாராவது போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. உள்ளே வாங்க மேடம், வந்து உட்காருங்க. மோரை எடுத்துக் கையில வெச்சுக்கோங்க.

பாப்பா எங்க? இப்பத்தானே உங்க தொப்பி வேணும்னு கேட்டுட்டு இருந்தா. அட, சோள மூட்டைக்குப் பின்னால போயி நிக்கறா. வா கண்ணு. மேடம் பேர் என்னன்னு சொன்னாங்க, சொல்லு. கோழி சொல்லு.

சொல்ல மாட்டா. வாயை மூடிக்கிட்டா. விசிலைக் கையில வெச்சுக்கிட்டு ஊதாம நிக்கறா பாருங்க.

மேடம். வசம்பு தீர்ந்து நாலு நாள் ஆச்சு. இப்போ வரைக்கும் உங்ககூடப் பேசிட்டுத்தானே இருந்தா.

அப்போ அது வசம்பு இல்லைங்களா?

வந்துட்டார். கேட்டைத் திறக்கறார். நீங்க எழுந்திரிக்காதீங்க. பேனாவைத் திறங்க. கேளுங்க மேடம், அவர் காதுல விழற மாதிரி ஒவ்வொண்ணாக் கேளுங்க. நான் ஒப்பிக்கறேன்.

சண்டை சச்சரவு இல்லைங்க.

குடிச்சுட்டு வந்து தகராறு பண்றது இல்லைங்க.

மூணாவது...

இருங்க மேடம். புதன்கிழமையில இருந்து படிச்சதுங்க. இன்னைக்குக் காலையிலகூட ஒரு வார்த்தை மாறாமச் சொன்னேன், வேணும்னா அவரையே கேளுங்க, அதோ வாசப்படியில நிக்கறார்.

மூணாவது மறந்துபோச்சுங்க.